மத்திய மலைநாடு இன்னும் ஏன் கரைந்து முடியவில்லை?

மட்டக்குளி | 2024 ஜூன் 2

உயர்தரப் புவியியல் குறிப்பு ஒன்றில் இப்படி இருக்கிறது: இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதியதால் இமயமலையும் இலங்கையின் மத்திய மலைநாடும் உயர்ந்தன. அடுத்த பக்கத்திலேயே மலைநாட்டுப் பாறைகளுக்கு 55 கோடி வருடத்துக்கு மேல் வயது என்று போட்டிருக்கிறது. இமயமலை மோதல் சுமார் 5 கோடி வருடம்தானே? இரண்டும் எப்படிப் பொருந்தும்?

இன்னொன்று. வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5000 மி.மீ அளவில் மழை. இத்தனை கோடி வருடம் அந்த மழை பெய்தும் நம் மிக உயர்ந்த மலையான பீதுருதலாகல 2524 மீற்றரில் நிற்கிறதே, அது எப்படி?

வெள்ளவத்தை | ஜூன் 2

குறிப்பு எழுதியவர் மோதலை மாற்றிப் பிடித்துவிட்டார். மோதல் நடந்தது உண்மை, ஆனால் அது வேறு மோதல். கொண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒட்டிச் சேர்ந்த காலம், ஏறக்குறைய 61 முதல் 55 கோடி வருடங்களுக்கு முன். மலைநாட்டுப் பாறைகள் இன்றைய உருவத்துக்கு வெந்தது அப்போதுதான். இமயமலைக்கும் நமக்கும் உள்ள உறவு, ஒரே தட்டில் பயணம் செய்கிறோம் என்பதோடு சரி. மோதும் முகம் வடக்கே இருக்கிறது, நாம் பின் இருக்கையில்.

பாறையின் வயதையும் மலையின் வயதையும் ஒன்றாக எடுக்கக் கூடாது. பழைய பலகையில் புது மேசை செய்யலாம்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கடற்கரை ரயில் பாதையோரம் அலைக்குப் போட்டிருக்கும் கருங்கற்களைப் பாருங்கோ. புதிதாக உடைந்த முகமாக இருக்க வேண்டும், பாசி பிடித்த முகத்தில் ஒன்றும் தெரியாது. வெள்ளையும் கறுப்பும் வரி வரியாக ஓடினால் நைஸ் (gneiss) என்ற பாறை. எண்ணெய் தடவியதுபோலப் பச்சை கலந்த கருமை என்றால் சார்னொக்கைட் வகை. அதற்குள் மிளகு அளவில் இரத்தச் சிவப்புப் புள்ளிகள் கிடந்தால் அவை கார்னட் என்ற கனிமம். கார்னட்டோடு சேர்ந்திருக்கும் கனிமங்களின் இரசாயனச் சேர்க்கையை அளந்தால் அந்தக் கல் எந்த அமுக்கத்தில் வெந்தது என்று கணக்கிடலாம். மலைநாட்டின் பல இடங்களில் 8 கிலோபார், 9 கிலோபார் என்று வருகிறது. 1 கிலோபார் என்றால் தலைக்கு மேல் சுமார் 3.6 கி.மீ பாறை. 8 என்றால் ஏறக்குறைய 29 கி.மீ.

தெஹிவளை | ஜூன் 2

அப்ப 29 கி.மீ உயரத்தில் ஒரு மலை இருந்தது எண்டு சொல்லுறியளோ? விமானம் எல்லாம் அடியால போகோணும்.

வெள்ளவத்தை | ஜூன் 3

இல்லை. 29 கி.மீ என்பது மேலிருந்து கழிந்த பாறையின் தடிப்பு, மலையின் உயரம் அல்ல. கழியக் கழிய அடியிலிருந்து மேலே வந்துகொண்டே இருந்தது. எந்தக் கணத்திலும் மலை சில கிலோமீற்றருக்கு மேல் நின்றிருக்காது.

முகத்துவாரத்தில் மீன் வள்ளத்தைப் பார்த்தால் போதும். பெட்டி இறக்க இறக்க வள்ளம் எழும்பும். புவியின் மேலோடு (நாம் நிற்கும் பாறை ஓடு) அதற்கு அடியிலுள்ள கனத்த மென்மூடியில் அப்படித்தான் மிதக்கிறது. ஓட்டின் அடர்த்தி 2.75 என்றும் மென்மூடி 3.3 என்றும் வைத்துக்கொள்ளுங்கோ. 2.75-ஐ 3.3-ஆல் வகுத்தால் 0.83. அதாவது மேலிருந்து 1000 மீற்றர் பாறையை அரித்து எடுத்தால் அடியிலிருந்து 830 மீற்றர் எழும்பும். நிலம் உண்மையில் தாழ்வது 170 மீற்றர் மட்டும். 1 கி.மீ தாழ வேண்டுமென்றால் 6 கி.மீ பாறையை ஆறு சுமக்க வேண்டும்.

இதையே மறுபக்கமாகவும் பார்க்கலாம். 1 கி.மீ உயர மலைக்குக் கீழே 5 கி.மீ வேர் வேண்டும் (2.75-ஐ 0.55-ஆல் வகுக்க வருவது). இலங்கையில் இன்று ஓட்டின் தடிப்பு 30 முதல் 40 கி.மீ, தடித்த பக்கம் மலைநாட்டுக்குக் கீழே. கார்னட் வெந்தபோது தலைக்கு மேல் 29 கி.மீ, காலுக்குக் கீழ் இன்று மிச்சமிருக்கும் இந்த 30-40. கூட்டினால் 60, 70. இன்றைய திபெத்தின் கணக்கு அது. ஆகவே அன்று இங்கே நின்றது இமயமலை மாதிரியான ஒன்றுதான். அது போய்விட்டது. நுவரெலியாவில் நீங்கள் நடப்பது அதன் வேரில்.

தம்பி, உங்கள் குறிப்பில் ‘மோதலால் உயர்ந்தது’ என்ற பகுதிக்கு அரை மதிப்பெண் கொடுக்கலாம். ஆள் மாறிவிட்டது, அவ்வளவே.

மட்டக்குளி | ஜூன் 3

விளங்குது. ஆனால் மழைக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

கிராண்ட்பாஸ் | ஜூன் 4

மழை அதிகம், சரிவு அதிகம், அதனால அரிப்பும் அதிகம். இதுல என்ன சந்தேகம்? மேல் மகாவலிப் பகுதியில வருசத்துக்கு ஒரு சதுர கிலோமீற்றருக்கு 2100 தொன் வரைக்கும் மண் ஆத்துல போகுதுன்னு அளந்திருக்காங்க. 2100 தொன்னுன்னா 2 மீற்றருக்கு மேல. மலை மிஞ்சுனதே அதிசயம்.

தெஹிவளை | ஜூன் 4

அண்ணே, அலகைப் பாருங்கோ. 1 சதுர கிலோமீற்றரில் 1 மி.மீ தடிப்பு என்றால் 1000 கன மீற்றர். பாறை என்றால் 2700 தொன், தளர்ந்த மண் என்றால் 1300 தொன் அளவு. உங்கள் 2100 தொன், மண்ணாக 1.6 மி.மீ. இரண்டு மீற்றர் போனால் தேயிலைச் செடி வேரோடு கொழும்புக்கு வந்து சேர்ந்திருக்கும்.

கிராண்ட்பாஸ் | ஜூன் 4

சரிதான், ஆயிரத்தால வகுக்க மறந்துட்டேன். ஆனா 1.6 மி.மீ கூட சும்மா இல்ல அண்ணே. 1000 வருசத்துக்கு 1.6 மீற்றர்.

வெள்ளவத்தை | ஜூன் 5

அந்த 2100 தோட்டமும் மரக்கறிப் பாத்தியும் வந்த பிறகு உள்ள எண். மனிதக் கை படாத எண் தனியாக இருக்கிறது, இந்த இழையின் விடையும் அங்கேதான்.

அதை அளப்பது பெரிலியம்-10 முறையில். வானிலிருந்து வரும் அண்டக் கதிர் படிகக்கல் (குவாட்ஸ்) மணியிலுள்ள ஒட்சிசனை உடைக்கும்போது அரிதாகப் பெரிலியம்-10 உண்டாகிறது. கடல்மட்டத்தில் 1 கிராம் படிகத்துக்கு வருடத்தில் நாலைந்து அணு, மலையில் அதற்கு மேல். கதிர் தாக்குவது மேற்பரப்பிலிருந்து ஒரு மீற்றருக்குள் என்று வைக்கலாம். மணி அந்த அடுக்கை மெதுவாகக் கடந்து வந்தால் நிறைய அணு சேரும், வேகமாக வந்தால் கொஞ்சம். ஆற்று மணலில் ஒரு கிலோ எடுத்தால் அந்த ஆற்றின் முழு வடிநிலத்துக்கும் ஆறே சராசரி போட்டுத் தந்துவிடும். மணலைச் சலித்து, அமிலத்தில் மற்றக் கனிமங்களைக் கரைத்து, சுத்தப் படிகத்தை மட்டும் எடுத்து அளக்கிறார்கள்.

மேல் மகாவலியில் அப்படி அளந்து 2003-இல் வெளியான எண்: சதுர கிலோமீற்றருக்கு வருடத்தில் 13 முதல் 30 தொன். பாறையாக மாற்றினால் 1000 வருடத்துக்கு 5 முதல் 11 மி.மீ. இவ்வளவு மழை, இவ்வளவு சரிவு, ஆனால் அரிப்பு ஆமை வேகம். இமயமலையில் பல இடங்களில் வருடத்துக்கே 1 மி.மீ-க்கு மேல், அதாவது நூறு மடங்கு.

மழை வெட்டும் கத்தி என்றால், கத்திக்குக் கீழே வாழைக்காயை யாராவது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இமயத்தில் தட்டு தள்ளுகிறது. தாய்வானிலும் தள்ளுகிறது. இங்கே தள்ளுபவர் இல்லை. ஆறு தன் படுக்கையை ஒரு சாய்வுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டது, சரிவில் மண்ணும் காடும் போர்வைபோல மூடிக்கொண்டன. மழைநீர் அந்தப் போர்வைக்குள் இறங்கிப் பாறையை உளுக்கவைக்கிறதே தவிர வெட்டி எடுக்கவில்லை. வீதி வெட்டிய கரைகளில் பார்க்கலாம்: பாறையின் வரி அப்படியே தெரியும், ஆனால் விரலால் அழுத்தினால் உதிரும். சில இடங்களில் 10 மீற்றர் தடிப்பு. நடுவில் வெங்காயம் உரித்ததுபோல உருண்டைக் கல் ஒன்று உளுக்காமல் இருக்கும்.

மட்டக்குளி | ஜூன் 5

அப்படியானால் கணக்கு: 1000 வருடத்துக்கு 10 மி.மீ என்றால் 2524 மீற்றர் கரைய 25 கோடி வருடம். வள்ளக் கணக்கின் 6 மடங்கைப் போட்டால் 150 கோடி?

வெள்ளவத்தை | ஜூன் 5

ஓம், ஏறக்குறைய. சரிவு குறையக் குறைய அரிப்பும் குறையும் என்பதால் அதைவிட நீளும். பீதுருதலாகலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

வெள்ளவத்தை | ஜூன் 9

மேலே எழுதியதில் ஒரு கோளாறு. 0.83 என்ற கணக்கு ஓடு துண்டு துண்டாகத் தனித்தனியே மிதந்தால்தான் சரி. உண்மையில் ஓடு ஒரு தடித்த பலகை, வளைவதற்கு எதிர்ப்புக் காட்டும். சுமை பல நூறு கிலோமீற்றர் அகலமாக இருந்தால் வள்ளக் கணக்கு பொருந்தும். இலங்கையின் முழு அகலமே 225 கி.மீ, மலைநாடு அதிலும் பாதிக்குள். ஆகவே மலை அரிந்தால் அந்த இடம் மட்டும் 830 மீற்றர் துள்ளாது. பலகை முழுதும் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும், கொழும்புக் கரையும் அதில் பங்கு வாங்கும். 6 மடங்கு என்பதை உச்ச எல்லையாக வைத்துக்கொள்ளுங்கோ, 150 கோடியை விடைத்தாளில் எழுத வேண்டாம்.

இன்னொரு வேடிக்கையும் இதிலிருந்து வருகிறது. ஆறு பள்ளத்தாக்கை மட்டும் தோண்டி உச்சியைத் தொடாமல் விட்டால், தோண்டிய பாரம் குறைந்ததற்காகப் பலகை எழும்பும், உச்சியும் சேர்ந்து எழும்பும். சராசரி நிலம் தாழ, உச்சி உயரும். மலையை அரித்தே உயரமாக்கலாம்.

தெஹிவளை | ஜூன் 9

இதில்தான் பலர் வழுக்கிறார்கள். ‘உயர்வு’ என்ற ஒரு சொல்லில் மூன்று விஷயம் ஒளிந்திருக்கிறது. பாறை எழும்புவது ஒன்று, நிலமட்டம் எழும்புவது ஒன்று, பாறைக்கு மேலிருந்தது கழிவது ஒன்று. நிலமட்ட உயர்வு = பாறை உயர்வு − கழிந்தது. இங்லண்ட், மோல்னார் என்ற இரு ஆய்வாளர்கள் 1990-இல் இதைப் பிரித்து எழுதும்வரை ஆராய்ச்சிக் கட்டுரைகளிலேயே இந்தக் குழப்பம் இருந்தது. கார்னட் மேலே வந்திருக்கிறது என்றால் பாறை உயர்ந்தது, மேல்பாரம் கழிந்தது என்று மட்டும் சொல்லலாம். மலை உயர்ந்தது என்பதற்கு அது சாட்சி இல்லை.

மட்டக்குளி | ஜூன் 11

ஹோர்ட்டன் சமவெளியிலுள்ள ‘உலக முடிவு’ என்ற மலை விளிம்பில் கிட்டத்தட்ட 880 மீற்றர் செங்குத்து. தள்ளுபவர் இல்லை என்றால் அந்த விளிம்பு எப்படி வந்தது?

வெள்ளவத்தை | ஜூன் 11

நல்ல கேள்வி, பழைய சண்டை. 1929-இல் அடம்ஸ் என்ற கனடாக்காரர் இலங்கையில் மூன்று அரிப்புச் சமவெளிகள் (அரித்து அரித்துத் தட்டையான நிலங்கள்) படிபோல இருக்கின்றன என்றார்: கரையோரத் தாழ்நிலம், நடுப்படி, 1800 மீற்றர் அளவில் மேல்படி. 1940-களில் இங்கே அரசாங்கக் கனிமவியலாளராக இருந்த டி. என். வாடியா, ஒரே சமவெளிதான் பிளவுகளில் உடைந்து குற்றி குற்றியாக மேலே தள்ளப்பட்டது என்று சொன்னார். பாடப்புத்தகங்களில் இன்றும் ஓடுவது இந்த இரண்டு பெயரும்தான்.

படி இருப்பதை யாரும் மறுக்கவில்லை. கேட்கப்படுவது, குற்றியைத் தூக்கிய பெரிய பிளவுக் கோடு எங்கே என்பது. படியின் விளிம்பு முழுக்கத் தொடர்ந்து ஓடும் பிளவு வரைபடத்தில் கிடைக்கவில்லை. மாறாக, விளிம்பு பல இடங்களில் கடினப் பாறைப் பட்டைகளையும் மடிப்புகளையும் பின்தொடர்கிறது. என் பக்கம்: வாடியா படியைச் சரியாகப் பார்த்தார், காரணத்தை அவசரப்பட்டு முடித்தார். 13 கோடி வருடம் அளவில் அந்தாட்டிக்காவிலிருந்து பிரிந்தபோது கண்டத்தின் ஓரம் கிழிந்தது. கிழிந்த ஓரத்தில் கடல்மட்டம் திடீரென்று பக்கத்தில் வந்துவிட, ஆறுகள் ஓரத்திலிருந்து உள்நோக்கி வெட்டத் தொடங்கின. குத்துச்சரிவு உள்ளே நகர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அரபிக் கடல் பக்கச் சுவரும் இதே குடும்பம், அங்கே பிரிந்துபோனது மடகஸ்கார், சுமார் 9 கோடி வருடத்துக்கு முன்.

தெஹிவளை | ஜூன் 12

வாடியாவை அவ்வளவு சுலபமாகத் தள்ள வேண்டாம். பிளவு தெரியாததற்குக் காரணம் 10 மீற்றர் உளுத்த மண்ணும் அதற்கு மேல் தேயிலையுமாகவும் இருக்கலாம்.

வெள்ளவத்தை | ஜூன் 12

ஒப்புக்கொள்கிறேன். ‘அவசரப்பட்டு’ என்ற சொல்லை வாபஸ் வாங்குகிறேன். முடிவை அல்ல.

தெஹிவளை | ஜூன் 15

சண்டையை விட்டு ஆற்றையே கேட்கலாம். ஆற்றின் நீளவெட்டை வரைந்தால் மலையின் சரித்திரம் அதில் கிடக்கும். மடிக்கணினியும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் போதும்.

எஸ்ஆர்ரிஎம் (விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்தது) உயரத் தரவை 1 வில்விநாடி அளவில் இறக்குங்கோ (சுமார் 30 மீற்றர் கட்டம்). மலைநாட்டுக்கு வடக்கு 6, 7 பாகை, கிழக்கு 80, 81 பாகை என்று நான்கு தரவுத் துண்டுகள். கொழும்புக் கரை வேண்டுமென்றால் கிழக்கு 79-உம் சேர்க்க வேண்டும். ஒட்டி ஒன்றாக்கிய உடனே யூ.ரி.எம். 44 வடக்குக்கு (தூரத்தை மீற்றரில் தரும் வரைபட முறை) மாற்றுங்கோ. இதை விட்டவர்கள்தான் ‘எனக்கு எல்லாச் சரிவும் 89 பாகை வருகிறது’ என்று எழுதுவார்கள். உயரம் மீற்றரில், தூரம் பாகையில் இருந்தால் வேறென்ன வரும்.

அடுத்தது பள்ளங்களை நிரப்புதல், ஓட்டத் திசை, ஓட்டச் சேர்ப்பு (ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை கட்டத்தின் நீர் வருகிறது என்பது). ஆறு தொடங்கும் எல்லையை 1 சதுர கி.மீ என்று வையுங்கோ. 30 மீற்றர் கட்டம் 900 சதுர மீற்றர், ஆகவே சுமார் 1100 கட்டம். அதைவிடக் குறைத்தால் தேயிலைக் கான் (வடிகால்) எல்லாம் ஆறாகிவிடும். பிறகு முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கித் தூரமும் உயரமும் எடுத்து வரைய வேண்டியதுதான்.

நிதானமடைந்த ஆறு உச்சியில் செங்குத்தாகத் தொடங்கிக் கீழே படுத்துக்கொள்ளும், குழிந்த கோடு. களனி கங்கை அப்படி வராது. மஸ்கெலிய ஓயாக் கிளையில் லக்சபான நீர்வீழ்ச்சியிலும், கெஹெல்கமு ஓயாவில் அபர்டீனிலும் கோடு முறியும். மேலே ஒரு குழிவு, கீழே ஒரு குழிவு, நடுவில் படி. கீழ்க்குழிவு புதிய கடல்மட்டத்துக்குத் தன்னை ஒழுங்கு செய்துகொண்ட பகுதி, மேலே உள்ளதுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. நீர்வீழ்ச்சி என்பது அந்தச் செய்தி இப்போது எதுவரை வந்திருக்கிறது என்று காட்டும் முனை.

ஏமாறும் இடங்கள்:

காசல்ரீ, மவுஸ்ஸாகலை. நீர்த்தேக்கத்தின் மேற்பரப்பு தட்டையாக விழும், அதன் முடிவில் அணைக்கட்டின் உயரம் செங்குத்தாக விழும். பார்ப்பவர் ‘அரிப்புச் சமவெளி கண்டேன்’ என்று துள்ளுவார். மகாவலியில் விக்டோரியா அணை 122 மீற்றர், அது தரவில் பெரிய படியாகவே வரும்.

தரவு 2000 பெப்ரவரியில் எடுத்தது. 2012-இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை அதில் இல்லை. இன்றைய படத்தோடு ஒட்டிப் பார்த்தால் தலவாக்கலையில் இரண்டும் பொருந்தாது.

ரேடார் மர உச்சியைத்தான் பார்க்கிறது. காட்டுப் பள்ளத்தாக்கில் ஆறு 10, 20 மீற்றர் உயரத்தில் மிதக்கும். பள்ளம் நிரப்பும்போது அது போலித் தட்டையாக மாறும். 20 மீற்றருக்குக் குறைந்த படி எதையும் நான் நம்ப மாட்டேன்.

கடைசியாக, ஒரு முறிவு கடினப் பாறையாலும் வரலாம். ஒரே உயரத்தில் பல கிளைகளில் முறிவு வந்தால் உயர்வின் செய்தி என்று சந்தேகிக்கலாம். ஒரே பாறைப் பட்டையில் வந்தால் பாறைதான் காரணம். புவிச்சரித வரைபடத்தை மேலே போடாமல் எதுவும் முடிவு கட்ட வேண்டாம்.

வெள்ளவத்தை | ஜூன் 15

இந்தக் கடைசிப் பந்திக்காகவே வாடியா விஷயத்தில் மன்னிக்கிறேன்.

கிராண்ட்பாஸ் | ஜூன் 18

எல்லாரும் மில்லிமீற்றர்ல பேசுறீங்க. மலை மணி மணியா மட்டும் கரையறதில்ல, கட்டி கட்டியாவும் வருது. 2014 அக்டோபர் 29 மீரியபெத்தையில தோட்டத் தொழிலாளர் லயத்து மேல மண்சரிவு வந்தது ஒரு காலை நேரத்து வேலை. அந்தச் சரிவுல இருந்தது பாறையே இல்ல, பழைய சரிவுகள்ல வந்து குமிஞ்ச மண்ணும் கல்லும். ஏற்கெனவே ஒரு தடவ விழுந்த மண் திரும்பவும் விழும். பழைய சரிவு தட்டையா, ஊத்துத் தண்ணியோட, வீடு கட்ட வசதியா இருக்கும், அதுதான் வினை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கைக்கு வச்சிருக்கிற அளவு: 24 மணித்தியாலத்துல 75 மி.மீ தாண்டினா கவனம், 100 தாண்டினா ஆயத்தம், 150 தாண்டினா, இல்ல ஒரு மணித்தியாலத்துலயே 75 கொட்டினா, வெளியேறணும். மழைமானி இல்லன்னா நேரான பக்கம் உள்ள டின் ஒண்ணும் அடிமட்டமும் போதும், டின்னுல நிக்கிற உயரமே மி.மீ. அடி ஒடுங்கின போத்தல் வேணாம், கணக்கு கூடிக் காட்டும். மரத்துக்குக் கீழயும் கூரை ஓரத்துலயும் வைக்காதீங்க.

அளவு வர்றதுக்கு முன்னாடியே நிலம் சொல்லும். சரிவுக்குக் குறுக்கால வெடிப்பு, கதவு நிலை இறுகுறது, மரமும் கம்பமும் சாயுறது, தெளிஞ்ச ஊத்து திடீர்னு கலங்குறது. வெடிப்புக்கு ரெண்டு பக்கமும் ஆணி அடிச்சு இடைத்தூரம் அளந்து வைக்கணும். மண்ணப் போட்டு வெடிப்ப மூடி மறைக்கிறதுதான் அடிக்கடி நடக்குது. தண்ணி உள்ள போகாம களிமண்ணால அடைக்கிறது நல்லதுதான், ஆனா ஆணி இல்லாம அடைச்சா நகருதான்னு தெரியாது.

கானும் அப்படித்தான். தேயிலை மலையில சமவுயரக் கானத் தூர் வாராம விட்டா தண்ணி ஒரே இடத்துல உடைச்சுக்கிட்டு எறங்கும். சரிவு தொடங்குறது அங்கதான்.

வெள்ளவத்தை | ஜூன் 19

இதோடு என் 13-30 தொன்னுக்கும் ஒரு திருத்தம் வேண்டும். பெரிலியம் எண் மேற்பரப்பில் சுமார் 60 செ.மீ கழிய எடுக்கும் காலத்தின் சராசரி. 1000 வருடத்துக்கு 10 மி.மீ என்றால் 60,000 வருடம். முதல் தேயிலைத் தோட்டமான லூல்கந்துரவில் 1867-இல் தேயிலை வைத்தார்கள், அதற்கு முன் கோப்பி. அந்த 200 வருடம் 60,000-இல் ஒரு துளி, பெரிலியத்துக்குத் தெரியவே தெரியாது. ஆற்றில் இன்று அளக்கும் 130 முதல் 2100 தொன்னை அதற்குப் பக்கத்தில் வைத்தால்தான் 10 மடங்கு, 100 மடங்கு என்பது தெரிகிறது. ஒரு எண் மலையின் பழக்கம், மற்றது நம் பழக்கம்.

மட்டக்குளி | ஜூன் 22

இமயமலையின் மண் எல்லாம் எங்கே போகிறது?

வெள்ளவத்தை | ஜூன் 22

கங்கையும் பிரம்மபுத்திராவும் வருடத்துக்கு 100 கோடி தொன் அளவில் சுமக்கின்றன. வங்காள விரிகுடாவின் அடியில் அது விசிறியாகப் பரந்து சுமார் 3000 கி.மீ தெற்கே போகிறது, நம் கிழக்குக் கரையைத் தாண்டியும். மட்டக்களப்பிலிருந்து கிழக்கே ஆழ்கடலில் கல் போட்டால் விழுவது இமயமலையில். சிகரம் ஏறியது என்று சான்றிதழ் தர மாட்டார்கள்.

மட்டக்குளி | ஜூன் 30

வகுப்பில் காட்ட ஒரு சின்னச் செய்முறை இருக்கிறதா? வீடியோ இல்லாமல்.

வெள்ளவத்தை | ஜூன் 30

இருக்கிறது. 30×20 செ.மீ பிளாஸ்டிக் தட்டு, 5 செ.மீ ஆழம். குறுகிய பக்கத்தின் நடுவில் 2 செ.மீ அகலத்தில் ஒரு வாசல் அடிவரை வெட்டுங்கோ. உட்பக்கமாக ஐஸ்கிறீம் குச்சிகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்கவைத்து வாசலை அடையுங்கோ. ஒரு குச்சி 2 மி.மீ, 15 குச்சிக்கு 3 செ.மீ. ஓரங்களைக் களிமண்ணால் பூசினால் ஆடாது.

நிரப்புவதற்கு நன்றாகச் சலித்த மெல்லிய மணல் 3 பங்கு, மட்பாண்டக் களிமண்தூள் 1 பங்கு. கையில் பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உடையும் அளவுக்கு ஈரம். மேல் குச்சி மட்டத்துக்குத் தட்டையாகப் பரப்பி அழுத்துங்கோ. மேலே பனிபோலத் தெளிப்பான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு குச்சியை மேலிருந்து எடுங்கோ. மலையை உயர்த்த வசதி இல்லை என்றால் வாசலைத் தாழ்த்த வேண்டும், ஆற்றுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வெறும் மணல் போட்டால் நீர் உள்ளே இறங்கிப் பக்கத்தால் ஊறும், வாய்க்கால் வராது, இடிந்து விழும். களிமண் கூடினால் சிமெந்துத் தரைபோல நீர் வழுக்கிப் போகும். துளி பெரிதென்றால் குண்டுக் குழிதான் மிச்சம்.

தெஹிவளை | ஜூலை 1

ஐந்து நிமிடமா? 30×20 தட்டில் 2 மி.மீ என்றால் 120 கன செ.மீ, உலர்ந்த எடை சுமார் 190 கிராம். கலங்கிய நீரில் எடைக்கு 5 வீதம் மண் என்றால் ஒரு குச்சிக்கு 4 லீற்றர் நீர் வேண்டும். அரை லீற்றர் கைத்தெளிப்பானால் ஐந்து நிமிடத்தில் 4 லீற்றர் அடித்தால் மலைக்கு முதல் விரல் தேயும்.

வெள்ளவத்தை | ஜூலை 1

தோற்றேன். 5 லீற்றர் பூந்தோட்ட அழுத்தத் தெளிப்பான் எடுங்கோ, ஒரு குச்சிக்கு ஒரு முழு நிரப்பு, அரை மணித்தியாலம். 10 குச்சி போதும். ஆனால் அந்த 190 கிராம் நல்ல எண், பிடித்துக்கொள்ளுங்கோ. ஒவ்வொரு குச்சிக்கும் வெளியே வரும் மண்ணை வாளியில் பிடித்து உலர்த்தி நிறுங்கோ. முதல் குச்சிகளுக்குக் குறைவாக வரும், ஏனென்றால் வாய்க்கால் மேலே இன்னும் எட்டவில்லை. கூடிக் கூடி 190-க்குப் பக்கத்தில் வந்து நின்றால் தாழ்த்தலும் அரிப்பும் சமன். மலை அதற்குப் பிறகு உருவம் மாறாது, உள்ளிருக்கும் மண் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். இமயத்துக்கும் தாய்வானுக்கும் கிட்டிய நிலை அது.

குச்சி எடுப்பதை நிறுத்திவிட்டுத் தெளித்துக்கொண்டே இருந்தால் இலங்கை.

வாளியில் பிடிக்காமல் பல்கனிக் கானில் விட வேண்டாம். களிமண் குழாயின் வளைவில் உறைந்துவிடும்.

மட்டக்குளி | ஜூலை 14

செய்தாச்சு. 7ஆவது, 8ஆவது குச்சிக்கு 251, 248 கிராம் வருகிறது. 190 எங்கே?

தெஹிவளை | ஜூலை 14

எவ்வளவு நேரம் உலர்த்தினீர்கள்?

மட்டக்குளி | ஜூலை 14

ஒரு மணித்தியாலம் வெயிலில். மேலே காய்ந்திருந்தது.

தெஹிவளை | ஜூலை 14

மேலே காய்ந்திருக்கும், களிமண் உள்ளே நீரைப் பிடித்து வைத்திருக்கும். தட்டில் மெல்லியதாகப் பரப்பி இரண்டு நாள் வெயில். ஒரு நாள் நிறுத்த எடையும் மறுநாள் எடையும் ஒன்றாக வந்தால்தான் உலர்ந்தது.

மட்டக்குளி | ஜூலை 17

187, 185.

வெள்ளவத்தை | ஜூலை 17

சமன். இனி மூன்று குச்சியை ஒரே தடவையில் எடுங்கோ. வாசலில் 6 மி.மீ நீர்வீழ்ச்சி ஒன்று பிறக்கும், அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கோ. லக்சபான.

மட்டக்குளி | ஜூலை 18

உள்ளே நகருது. பல்கனிக் கானும் அடைச்சிட்டுது.